கனெக்சின் 26: கால்சியம் மூடி வைக்கும் வாயிலும் அதைத் திறந்துவிடும் மரபணுப் பிறழ்வுகளும்

மதுரைப் பக்கத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீகளா?" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது இன்னும் வழக்கத்தில் உள்ள ஊர்களில் அந்தக் கேள்வி காரணமில்லாமல் எழுவதில்லை. பிறவிக் காது கேளாமைக்கு உலகெங்கும் அதிகமாகக் காரணமாகும் மரபணுக்களில் ஒன்று ஜிஜேபி2. அதன் பழுதான பிரதியைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் பெறும் குழந்தைக்குக் காது கேட்பதில்லை. நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்கள் இருவரிடமும் ஒரே பழுது இருப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், ஊரார் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அதே ஜிஜேபி2 மரபணுவில் வேறோர் இடத்தில் ஓர் எழுத்து மாறினால், உறவுமுறைத் திருமணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒற்றைப் பிரதியிலேயே, காது கேளாமையோடு தோலையும் கருவிழியையும் சேர்த்துத் தாக்கும் கடுமையான நோய் வருகிறது. முதல் வகையில் புரதம் உருவாவதே இல்லை. இரண்டாம் வகையில் புரதம் உருவாகிறது, வேலையும் செய்கிறது, ஆனால் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மூடுவதில்லை. மூடி வைக்கும் பொறுப்பு கால்சியத்துடையது. அந்தப் பொறுப்பு எங்கே, எப்படித் தவறுகிறது என்பதை உயிரியலில் பள்ளிப் பாடத்துக்கு மேல் பழக்கமில்லாதவர்களும் பின்தொடரக்கூடிய வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜிஜேபி2 மரபணு 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. அது தரும் புரதத்தின் பெயர் கனெக்சின் 26. மூலக்கூறுகளை எடைபோடும் அலகான டால்டன் கணக்கில் ஏறத்தாழ 26 கிலோடால்டன் எடை கொண்டதால் அந்த எண். மனித உடலில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் இருபதை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இப்படி எடையைக் கொண்டே கனெக்சின் 32, கனெக்சின் 43, கனெக்சின் 46 என்று குறிக்கப்படுகின்றன. கனெக்சின் 26 என்பது 226 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அந்தச் சரம் செல்லின் சவ்வை நான்கு முறை குறுக்காகக் கடந்து செல்கிறது. அப்படிக் கடக்கும்போது செல்லுக்கு வெளியே இரண்டு வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சரத்தின் இரு நுனிகளும் செல்லுக்கு உள்ளே இருக்கின்றன. வெளியே நீளும் முதல் வளையத்தையும், அது சவ்வில் நுழையும் விளிம்பையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கனெக்சின் 26-இல் நாம் பேசப்போகும் இரண்டாம் வகைப் பிறழ்வுகள் எல்லாம் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

ஆறு கனெக்சின்கள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு துளையை விட்டு நின்றால் அது ஒரு ஹெமிசேனல். ஒரு செல்லின் ஹெமிசேனல் பக்கத்துச் செல்லின் ஹெமிசேனலோடு வாயோடு வாய் பொருந்தும்போது, இரு செல்களின் உட்புறத்தையும் நேரடியாக இணைக்கும் முழுப் பாதை உண்டாகிறது. இந்த முழுப் பாதையின் அணு அளவிலான அமைப்பை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எக்ஸ்ரே படிகவியல் முறையில் கண்டு வெளியிட்டார்கள். அதில் துளையின் மிகக் குறுகிய இடம் 14 ஆங்ஸ்ட்ராம், அதாவது 1.4 நானோமீட்டர் இருந்தது. நம் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை என்றாலும் செல்லின் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை. சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கென்று தனித்தனியே உள்ள அயனிச் சேனல்கள் தமக்குரிய அயனியைத் தவிர மற்றதை எளிதில் விடாதவை. கனெக்சின் துளையோ அயனிகள், குளுக்கோஸ், ஏடிபி என்று கிட்டத்தட்ட ஆயிரம் டால்டன் வரை எடையுள்ள எதையும் பெரிய பாகுபாடு இல்லாமல் விட்டுவிடக்கூடியது.

இரு செல்களை இணைத்து நிற்கும்போது இது நன்மை. தனியாக, இன்னும் இணை கிடைக்காமல் சவ்வில் நிற்கும் ஹெமிசேனல் திறந்துகொண்டால் அது ஆபத்து. செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமோல் கட்டற்ற கால்சியம் இருக்கிறது. செல்லுக்கு உள்ளே இருப்பது 100 நானோமோல் அளவு. வெளியே உள்ளது உள்ளே உள்ளதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். போதாக்குறைக்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை உடையது, கால்சியமோ இரட்டை நேர்மின் சுமை கொண்டது, ஆகவே அடர்த்தியும் மின்சாரமும் சேர்ந்து அதை உள்நோக்கித் தள்ளுகின்றன. செல்லுக்குள் கால்சியம் ஒரு சமிக்ஞைப் பொருள். தசை சுருங்குவது, சுரப்பு வெளியேறுவது, மரபணுக்கள் இயங்கத் தொடங்குவது, கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது என்று பல வேலைகள் அதன் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே நடக்கின்றன. அளவில்லாமல் அது உள்ளே பாய்ந்தால் செல் பிழைப்பது அரிது.

இந்த இடத்தில்தான் இயற்கையின் ஏற்பாடு வியக்கத்தக்கதாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து நிற்கும் கண்மாயில், தண்ணீரின் அழுத்தமே மடைப்பலகையை அதன் தாங்கலோடு சேர்த்து இறுக்கி, கசிவைக் குறைப்பதைப் பார்த்திருப்போம். ஹெமிசேனலிலும் உள்ளே பாயக் காத்திருக்கும் கால்சியமே வாயிலை மூடி வைக்கிறது. வெளியே கால்சியம் வழக்கமான அளவில் இருக்கும் வரை ஹெமிசேனல்கள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. கால்சியம் குறைந்தால் திறக்கின்றன. செல் ஓய்வில் இருக்கும்போது சவ்வில் உள்ள மின்னழுத்தமும் மூடுவதற்குத் துணைபுரிகிறது, ஆயினும் முதன்மைக் காவல் வெளிக் கால்சியத்தினுடையதே.

இதைக் கண்ணால் பார்ப்பது போல் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ளது. ஒரு பாதி கரும்பழுப்பாகவும் மறு பாதி வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். அதற்குள் நுண்ணூசியால் கனெக்சினுக்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி ஓரிரு நாள் விட்டால், முட்டை அந்தப் புரதத்தைச் செய்து தன் சவ்வில் ஹெமிசேனல்களாக நிறுத்திவிடும். தவளைக்கே சொந்தமான கனெக்சின் ஒன்று குறுக்கிடும் என்பதால், அதை முடக்கும் சிறு டி.என்.ஏ. துண்டையும் சேர்த்தே செலுத்துவார்கள். பிறகு இரண்டு கண்ணாடி மின்முனைகளை முட்டையில் செருகி, அது மூழ்கியுள்ள திரவத்தின் கால்சியத்தை ஏற்றியும் இறக்கியும், சவ்வு வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளப்பார்கள். கால்சியத்தை இறக்கினால் மின்னோட்டம் எழும், ஏற்றினால் அடங்கும். 1991-இல் கண் வில்லையில் உள்ள கனெக்சின் 46-ஐ இப்படித் தவளை முட்டையில் உருவாக்கியபோது முட்டைகள் சிதைந்து போயின. இணை சேராத ஹெமிசேனலும் திறக்கக்கூடும், திறந்தால் செல்லைக் கொல்லக்கூடும் என்பதற்கு முதலில் கிடைத்த வலுவான சான்றுகளில் அது ஒன்று.

இனி மரபணுவுக்கு வருவோம்.

இந்தியாவில் ஜிஜேபி2 காரணமான காது கேளாமையில் மிகுதியாகக் காணப்படும் பிறழ்வுக்கு டபிள்யூ24எக்ஸ் என்று பெயர். மரபணுவின் புரதம் எழுதும் பகுதியில் 71-ஆம் எழுத்தான 'ஜி', 'ஏ' ஆக மாறுகிறது. 24-ஆவது இடத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கோக்கச் சொல்ல வேண்டிய குறி, "இத்தோடு நிறுத்து" என்று சொல்லிவிடுகிறது. 226 அமினோ அமிலம் நீள வேண்டிய புரதம் 23-லேயே நின்றுபோகிறது. சவ்வில் துளையும் இல்லை, இணைப்பும் இல்லை. ஐரோப்பியரிடம் 35-ஆம் எழுத்தருகே ஒரு 'ஜி' விடுபடுவதும், கிழக்காசியரிடம் 235-ஆம் எழுத்தான 'சி' விடுபடுவதும் இதே விளைவைத் தருகின்றன. இவற்றில் ஒரு பிரதி மட்டும் உடையவருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஏனென்றால் மற்றப் பிரதி தரும் புரதமே போதுமானது.

அதே மரபணுவில் இன்னும் 77 எழுத்துகள் தள்ளி, 148-ஆம் இடத்தில், மறுபடியும் ஒரு 'ஜி' 'ஏ' ஆக மாறினால் டி50என் என்ற பிறழ்வு உண்டாகிறது. எழுத்து மாற்றம் ஒரே மாதிரிதான். ஆனால் இங்கே புரதம் நிற்கவில்லை. 50-ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக அஸ்பராஜின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்கிறது, மற்ற 225-ம் அப்படியே இருக்கின்றன. அளவிலும் வடிவத்திலும் இவ்விரண்டும் மிக நெருங்கியவை. வேறுபாடு ஒன்றுதான்: அஸ்பார்டிக் அமிலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு, அஸ்பராஜினுக்கு இல்லை. அந்த ஒரு சுமை இல்லாமல் போவதன் விலை கிட் நோய்த்தொகுதி. கருவிழியில் அழற்சி, தோல் தடித்துச் செதிலாதல், காது கேளாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் மிக அரிதான நோய் இது. இந்த நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது டி50என் பிறழ்வே. பிறழ்வு என்றாலே ஏதோ ஒன்று இல்லாமல் போவது என்று நினைத்துப் பழகிய நமக்கு, இல்லாமல் போவதைவிடக் கட்டுப்பாடின்றி இருப்பது மோசமாக முடியலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அகப்படுவது கடினம் என்றே நான் கருதுகிறேன்.

50-ஆவது இடத்தில் இருக்கும் எதிர்மின் சுமை என்ன செய்துகொண்டிருந்தது? 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் படிப்படியாக விடை தேடியது. ஆறு கனெக்சின்கள் வட்டமாக நிற்கும்போது, ஒன்றின் 50-ஆவது இடத்து அஸ்பார்டிக் அமிலம், பக்கத்துக் கனெக்சினின் 61-ஆவது இடத்தில் உள்ள லைசினுக்கு அருகே வருகிறது. லைசின் நேர்மின் சுமை உடையது. எதிரெதிர்ச் சுமைகள் ஈர்த்துக்கொள்வதால் இரண்டுக்கும் இடையே ஓர் உப்புப் பாலம் உண்டாகிறது. இந்தப் பாலம் ஹெமிசேனலின் திறந்த நிலையைத் தாங்கி நிற்கிறது. வெளியிலிருந்து கால்சியம் வரும்போது அந்தப் பாலம் குலைகிறது, திறந்த நிலை தளர்கிறது, வாயில் மூடிக்கொள்கிறது. கால்சியத்தின் அளவு ஏற ஏற மூடும் வேகமும் ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். ஆகவே 50-ஆவது இடத்துக்கு இரண்டு வேலை: கால்சியம் இல்லாதபோது திறந்த நிலையைத் தாங்குவது, கால்சியம் வந்ததும் மூடுவதற்கு வழிவிடுவது.

இங்கே கவனமாகப் படிக்கும் வாசகருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். திறந்த நிலையைத் தாங்கும் பாலமே இல்லையென்றால் பிறழ்ந்த ஹெமிசேனல் இன்னும் எளிதாக அல்லவா மூட வேண்டும்? ஒரு வகையில் அப்படித்தான் நடக்கிறது. மின்னழுத்தத்தால் திறக்கவைத்துவிட்டுப் பார்த்தால், டி50என் ஹெமிசேனல் இயல்பானதைவிட விரைவாகவே மூடுகிறது. ஆனால் அந்த வேகம் கால்சியத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. கால்சியம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே வேகம்தான். மூடிய நிலையில் நிலைநிறுத்தி வைக்கும் வேலையையும் கால்சியத்தால் அங்கே சரியாகச் செய்ய முடிவதில்லை. இயல்பான ஹெமிசேனலை அடக்கப் போதுமான கால்சியம், இதை அடக்கப் போதுவதில்லை. விளைவாக, உடலில் உள்ள சாதாரண கால்சிய அளவிலேயே கணிசமான ஹெமிசேனல்கள் திறந்த நிலையில் இருக்க நேர்கிறது.

சுமைதான் காரணம், அமினோ அமிலத்தின் வேறு ஏதோ தன்மை இல்லை என்பதை உறுதிசெய்ய அதே ஆய்வு கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. 50-ஆவது இடத்தில் சிஸ்டீனை வைத்தார்கள். சிஸ்டீனுக்குக் கந்தகம் உண்டு, எதிர்மின் சுமை இல்லை. எதிர்பார்த்தபடியே அந்த ஹெமிசேனல் நோயாளியின் ஹெமிசேனலைப் போலவே நடந்துகொண்டது. பிறகு, சிஸ்டீனின் கந்தகத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் ஓர் எதிர்மின் சுமையைச் சேர்க்கும் வேதிப்பொருளைத் திரவத்தில் கலந்தார்கள். மரபணுவை யாரும் திருத்தவில்லை, புரதம் புதிதாகச் செய்யப்படவும் இல்லை. சவ்வில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த அதே ஹெமிசேனல்கள், சுமை திரும்பி வந்ததும் மறுபடியும் கால்சியத்துக்குக் கட்டுப்பட்டு மூடத் தொடங்கின.

கால்சியம் துளையை எப்படி அடைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வேறொரு பார்வையும் உண்டு. 2016-இல், கால்சியம் சேர்ந்த நிலையில் கனெக்சின் 26-இன் முழுப் பாதையைப் படிகமாக்கிப் பார்த்தபோது, துளை சுருங்கியதாகவே தெரியவில்லை. கால்சியம் வந்து அமரும் இடத்தில் நேர்மின் சுமைகள் வளையமாகச் சேர்ந்து, நேர்மின் அயனிகள் கடக்க முடியாத ஒரு மின்தடையை உண்டாக்குவதாக அந்த ஆய்வு விளக்கியது. புரதம் அசைந்து மூடுகிறதா, மின்சுமை மறிக்கிறதா என்ற இந்த விவாதத்தில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது: முழுப் பாதையில் கண்டது தனி ஹெமிசேனலுக்கும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், கால்சியம் அமரும் இடம் 42, 45, 47 ஆகிய எண்களுக்கு அருகே, அதாவது முதல் வெளி வளையத்தின் விளிம்பில்தான் இருக்கிறது.

அதே விளிம்பில் உள்ள மற்ற இரண்டு கிட் பிறழ்வுகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை இரண்டும் ஒரே மாதிரியான நோயை வெவ்வேறு வழிகளில் உண்டாக்குகின்றன. ஏ40வி பிறழ்வில் 40-ஆவது இடத்து அலனின் வாலினாகிறது. ஜி45இ பிறழ்வில் 45-ஆவது இடத்துக் கிளைசின், எதிர்மின் சுமையுள்ள குளூட்டாமிக் அமிலமாகிறது. இரண்டையுமே "ஒழுகும் ஹெமிசேனல்" என்ற ஒரே தலைப்பின் கீழ் முதலில் வைத்திருந்தார்கள். 2010-இல் இரண்டையும் அருகருகே வைத்து அளந்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. ஏ40வி-யில் வெளிக் கால்சியத்தின் கட்டுப்பாடு பெரிதும் பலவீனப்பட்டிருந்தது. அது மூட வேண்டியபோது மூடாத வகை. ஜி45இ-யிலோ கால்சியத்தின் கட்டுப்பாடு ஓரளவே குறைந்திருந்தது. ஆனால் திறந்திருக்கும் நேரத்தில் அதன் வழியே உள்ளே நுழையும் கால்சியம் மிகவும் கூடியிருந்தது. 45-ஆவது இடம் துளையின் உட்சுவரிலேயே இருக்கிறது என்பதும், 40-ஆவது இடம் அப்படி இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. இதைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. ஆறு கனெக்சின்களிலும் 45-ஆவது இடத்தில் ஓர் எதிர்மின் சுமை கூடினால், துளையின் சுவரில் ஆறு எதிர்மின் சுமைகள் வளையமாக அமைகின்றன. இரட்டை நேர்மின் சுமையுள்ள கால்சியத்துக்கு அதைவிட இணக்கமான வழி வேண்டியதில்லை.

ஜி45இ மனிதர்களில் குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் கடுமையான கிட் நோயோடு தொடர்புடையது. சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் இந்தப் பிறழ்ந்த புரதத்தை உருவாக்கினால், அவை ஒரு நாளுக்குள் மடியத் தொடங்குகின்றன. வளர்ப்புத் திரவத்தில் கால்சியத்தைக் கூட்டினால் பிழைக்கின்றன. தவளை முட்டையில் பார்த்தாலும் அப்படித்தான்: ஒழுகும் முட்டைகளில் கரும்பழுப்புப் பாதியின் நிறம் திட்டுத் திட்டாகக் கலைந்து, சவ்வு ஆங்காங்கே புடைத்துத் தெரியும். செல்லைக் கொல்வது உள்ளே பாயும் கால்சியம் என்றால், வெளியே இன்னும் கால்சியத்தைக் கூட்டினால் எப்படிப் பிழைக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கால்சியத்துக்கு இங்கே இரண்டு வேடம். அது பாயும் பொருள், அதுவே பூட்டும் கூட. ஜி45இ-யில் பூட்டு முழுதாக உடைந்துவிடவில்லை, ஆகையால் அளவைக் கூட்டினால் அது வேலை செய்கிறது, பாய்வதற்குத் திறந்த வாயில்களே குறைந்துவிடுகின்றன.

ஒற்றைப் பிரதி ஏன் போதுமானதாகிறது என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒருவருக்கு ஒரு நல்ல பிரதியும் ஒரு பிறழ்ந்த பிரதியும் இருந்து, இரண்டும் சம அளவில் புரதம் செய்து, ஆறு ஆறாக எந்தப் பாகுபாடும் இல்லாமல் கலந்து சேர்வதாகக் கொள்வோம். ஒரு ஹெமிசேனலின் ஆறு உறுப்புகளும் நல்லதாக அமைவதற்கான வாய்ப்பு, அரையை ஆறு முறை பெருக்கிய அளவு, அதாவது 64-இல் 1. மீதி 63-இலும் குறைந்தது ஒரு பிறழ்ந்த உறுப்பாவது கலந்திருக்கும். கலந்தவை எல்லாம் ஒரே அளவு ஒழுகும் என்று சொல்ல முடியாது என்றாலும், நல்ல பிரதி தனித்து நின்று நிலைமையைச் சமாளிக்க இடமில்லை என்பது இக்கணக்கில் தெரிந்துவிடும். டபிள்யூ24எக்ஸ் பிறழ்வில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. பாதியில் நின்றுபோன துண்டு எந்த ஹெமிசேனலிலும் சேர்வதில்லை, நல்ல பிரதியின் புரதம் தன்னளவில் ஆறாகச் சேர்ந்து வேலை பார்க்கிறது.

இந்த இரண்டு வகைப் பிறழ்வுகளும் ஒரே பிரதியில் சந்தித்த அபூர்வமான நிகழ்ச்சி ஒன்று ஜப்பானில் பதிவாகியிருக்கிறது. அங்கே சிலரிடம் ஜி45இ பிறழ்வு இருக்கும் அதே பிரதியில், 136-ஆவது இடத்தில் புரதத்தை நிறுத்திவிடும் இன்னொரு பிறழ்வும் இருக்கிறது. உயிர்க்கொல்லியான ஜி45இ-யைச் சுமந்தும் அவர்களுக்குக் கிட் நோய் இல்லை, ஏனெனில் 136-இல் புரதம் முறிந்துவிடுவதால் ஒழுகும் ஹெமிசேனல் உருவாகவே வழியில்லை. இப்படிச் சுமந்த தாய் ஒருவருக்குப் பிறந்த குழந்தையிடம் 136-ஆவது இடத்துப் பிறழ்வு மட்டும் சரியாகிவிட்டது. புரதம் முழு நீளத்துக்கு உருவாயிற்று, குழந்தைக்குக் கடுமையான கிட் நோய் வந்தது. 2014-இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது, ஒரு பழுது நீங்கியதே ஒரு குழந்தைக்குக் கேடாக முடிந்ததை ஏற்றுக்கொள்ள மனம் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

ஏன் தோலும் காதும்? கனெக்சின் 26 அதிகம் உள்ள இடங்கள் அவை. தோலின் மேலடுக்கில், அடியிலிருந்து மேலே போகப் போகக் கால்சியத்தின் அளவு படிப்படியாக ஏறி, உயிருள்ள செல்களின் மேல்வரிசையில் உச்சத்தை எட்டுகிறது. அடியில் பிறக்கும் தோல் செல் எப்போது பெருகுவதை நிறுத்த வேண்டும், எப்போது கெரட்டின் நிறைந்து தடித்து மேலே நகர வேண்டும் என்பதை இந்தக் கால்சிய ஏற்றமே பெரிதும் தீர்மானிக்கிறது. செல்லுக்குள் தகாத நேரத்தில் கால்சியம் நுழைந்தால் இந்த ஒழுங்கு குலைந்து, தோல் தடிப்பதும் செதிலாவதும் கிருமித் தொற்றுக்கு வழிவிடுவதும் நேர்கின்றன. ஜி45இ புரதத்தைத் தோல் செல்களில் உருவாக்கிய சுண்டெலிகளிடமும் இந்நோயின் தோல் அறிகுறிகள் அப்படியே தோன்றின. காதில் நிலைமை வேறு. ஒலியை மின்னாக மாற்றும் மயிரிழைச் செல்களில் கனெக்சின் 26 இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது. உள்காதின் ஒரு பகுதியை நிரப்பும் எண்டோலிம்ஃப் என்ற திரவத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிமோல் வரை மிகுந்தும், கால்சியம் மைக்ரோமோல் அளவுக்குக் குறைந்தும் இருக்கின்றன. அந்தத் திரவத்தைப் பார்த்து நிற்கும் ஹெமிசேனலுக்குக் கால்சியத்தின் காவல் இயல்பிலேயே குறைவு.

கனெக்சின் 26-க்கு மட்டும் இந்தக் கதை உரியதன்று. நரம்புகளுக்கு உறையிடும் செல்களில் உள்ள கனெக்சின் 32-இல், 169, 178 ஆகிய இடங்களில் உள்ள அஸ்பார்டிக் அமிலங்கள் ஆறு உறுப்புகளிலும் சேர்ந்து பன்னிரண்டு எதிர்மின் சுமைகளாகத் துளையின் வெளிவாயில் வளையமிட்டு, கால்சியத்தைப் பற்றிக்கொள்கின்றன. 178-ஆவது இடம் டைரோசினாக மாறும் பிறழ்வில் கால்சியத்தின் கட்டுப்பாடு முற்றிலும் போய்விடுவதாக 2003-இல் காட்டப்பட்டது. கைகால் தசைகள் மெலிந்து நடை தளரும் சார்கோ மேரி டூத் நரம்பு நோயின் எக்ஸ் குரோமோசோம் வகையில் காணப்படும் பிறழ்வு அது. கண் வில்லையில் உள்ள கனெக்சின் 46, கனெக்சின் 50 ஆகியவற்றின் பிறழ்வுகள் பிறவிக் கண்புரையைத் தருகின்றன. 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய நாள் முதல் முதியவர்களின் கண்புரையைப் பற்றி நன்கறிந்த ஊர் மதுரை. குழந்தைகளுக்கும் கண்புரை வரும், அதில் ஒரு பகுதிக்கு வில்லையின் ஹெமிசேனல்களும் இணைப்புகளும் காரணம் என்பது அவ்வளவாகப் பரவாத செய்தி.

நடைமுறைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உறவில் மணந்த பெற்றோருக்குக் காது கேளாத குழந்தை பிறந்து, தோலில் எந்தக் குறையும் இல்லையென்றால், மரபணுப் பரிசோதனையில் ஜிஜேபி2-ஐப் பார்ப்பது பொருத்தம். இரு பிரதிகளிலும் பழுது இருப்பது உறுதியானால், அடுத்த குழந்தைக்கும் அதே நிலை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இவ்வகையில் செவி நரம்பு பெரும்பாலும் கெடாமல் இருப்பதால் உள்காதில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் நல்ல பலன் தருகிறது. சிறு குழந்தைகளுக்கான அந்த அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். கிட் நோயோடு பிறக்கும் குழந்தையின் நிலை வேறு. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் பிறழ்வு இருப்பதில்லை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகத் தோன்றியதாகவே இருக்கும். அந்தப் பெற்றோரிடம் "சொந்தமா?" என்று விசாரிப்பதில் பொருளில்லை, பழி சொல்வதில் நியாயமும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து தனக்குப் பிள்ளை பெறும்போது, துணை உறவினராக இருந்தாலும் அந்நியராக இருந்தாலும், பிறழ்வைக் கடத்தும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

சிகிச்சையைத் தேடுகிறவர்களுக்கு முன்னால் உள்ள சிக்கல், ஒழுகும் ஹெமிசேனலை அடைக்க வேண்டும், செல்களை இணைக்கும் முழுப் பாதைகளை விட்டுவிட வேண்டும் என்பது. இணை சேர்ந்துவிட்ட பாதையில் வெளி வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தி மறைந்துவிடுகின்றன, தனி ஹெமிசேனலில் அவை வெளியே தெரிகின்றன. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, வெளி வளையத்தைப் பற்றிக்கொண்டு ஹெமிசேனலை மட்டும் மூடும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) உருவாக்கப்பட்டுள்ளன. மலேரியாவுக்குத் தரப்படும் மெஃப்ளோகுயின் என்ற மருந்தும் சோதனைக்கூடச் செல்களில் பிறழ்ந்த கனெக்சின் 26 ஹெமிசேனல்களை அடக்குவதாகக் கண்டிருக்கிறார்கள். இன்னொரு வழி, டி50என் பிரதியின் ஆர்.என்.ஏ.வை மட்டும் குறிபார்த்து அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செலுத்துவது. டபிள்யூ24எக்ஸ் பிறழ்வை ஒரு பிரதியில் மட்டும் சுமந்து எந்தக் குறையுமின்றி வாழ்கிறவர்கள் நம்மிடையே இருப்பதால், ஒரு நல்ல பிரதி போதும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆகவே கெட்ட பிரதியை மௌனமாக்கினால் போதும் என்பது இதன் பின்னுள்ள தர்க்கம். கிட் நோயாளியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் இம்முறை ஹெமிசேனல்களின் தகாத இயக்கத்தைத் திருத்தியிருக்கிறது. அது தட்டில் வளர்ந்த செல்களில் கிடைத்த பலன். உயிருள்ள உடலில், தடித்துப்போன தோலின் ஊடாகவும் உள்காதின் எலும்புக் கூட்டுக்குள்ளும் அந்த ஆர்.என்.ஏ.வைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனியாகத் தீர்க்க வேண்டிய வேலை.